ஒரே திரையில் எல்லாம்

— முதல்ல உட்காரு குட்டி. இந்தப் படிக்கட்டையே தேய்ச்சிருவ போலிருக்கு.

— உட்கார முடியலக்கா. குழந்தை எப்படி இருக்கு? அதை மட்டும் சொல்லு.

— பக்கத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து மருந்து வந்துருச்சு. டாக்டர் கொடுத்துட்டார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமா சீராகுது. சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதுன்னார்.

— அவங்க அம்மா?

— வார்டு கண்ணாடிக்கு வெளியே நிக்கிறா. நாற்காலி போட்டுக் கொடுத்தேன், உட்காரல. உன்னை மாதிரியேதான். சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. பெரிய அதிகாரிங்க எல்லாம் கூடியிருக்காங்களாமே, உன்னையும் கூப்பிட்டிருக்காங்களாமே. எதுக்கு? நான் நர்ஸு, என்னைக் கூப்பிட்டாலாவது அர்த்தம் இருக்கு. நீ கம்ப்யூட்டர் ரூம்காரி. மருந்து வெக்கிற குளிர்பெட்டி கெட்டதுக்கும் உனக்கும் என்ன?

— என்னாலதான் கெட்டுச்சு.

— சுத்தி வளைக்காம சொல்லுடி.

— அதாவது... எங்க ரூம்ல முன்னாடி எத்தனை திரை இருந்துச்சுன்னு பார்த்திருக்கியே. சர்வரைப் பார்க்க ஒண்ணு, நெட்வொர்க்கைப் பார்க்க ஒண்ணு, உங்க மருந்துப் பெட்டிங்க சூட்டைப் பார்க்க ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கம்பெனி சாமான். ஒண்ணுக்கு இன்னொண்ணு இருக்கிறதே தெரியாது. ஒரு ஒயரைப் பிடுங்கினாப் போதும், எல்லாம் சேர்ந்து கத்தும். கத்திக் கத்திக் கடைசியில எவன் காதுலயும் விழாது.

— ம்ம், மேல சொல்லு.

— அதனால எல்லாத்தையும் ஒரே திரையில சேர்க்கிற வேலையை என்கிட்ட கொடுத்தாங்க. கோளாறு ஒண்ணுன்னா எச்சரிக்கையும் ஒண்ணுதான் வரணும். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி மடிஞ்சு போயிடணும். எது எதோட மடியணும்னு விதி எழுதினது நான். போன வாரம் ஓட விட்டோம். ரூமே அமைதியாயிடுச்சு. மேனேஜர் ஒவ்வொருத்தரையாக் கூட்டிட்டு வந்து காட்டினார், என்னமோ புதுசாக் கட்டின வீட்டைக் காட்டுற மாதிரி.

— நீயும்தான் வீட்டுக்கு வந்து ஒரே குதி குதிச்ச.

— ஆமா, குதிச்சேன். இன்னிக்குக் காலையில உங்க மூணாவது மாடியில ஒரு வரிசை பிளக்குக்கு மட்டும் கரண்ட் போச்சு. கம்ப்யூட்டர் ஒயரெல்லாம் வந்து சேர்ற பெட்டி, அதைச் சுவிட்ச்னு சொல்வோம், அது அந்த வரிசையிலதான் இருந்துச்சு. உங்க மருந்துப் பெட்டியும் அதே வரிசை. சுவிட்ச் செத்ததும் அதோட சேர்ந்ததெல்லாம் 'தொடர்பு இல்லை, தொடர்பு இல்லை'ன்னு கத்துச்சு. என் விதி அத்தனையையும் மடிச்சு, 'மூணாவது மாடி சுவிட்ச் பழுது'ன்னு ஒரே வரியாக் காட்டுச்சு. நெட்வொர்க் பார்க்கிறவர் அதைப் பார்த்தார். வார்டு கம்ப்யூட்டருக்கெல்லாம் மாத்து லைன் இருக்கு, யாரும் புகார் பண்ணல, கையில இருக்கிறதை முடிச்சிட்டுப் போகலாம்னு விட்டுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

— பெட்டி சூடாகுதுன்னு எதுவும் சொல்லலையா?

— சொல்லுச்சுக்கா. அதான் என்னால தாங்க முடியல. பெட்டிக்குள்ள இருக்கிற வெப்பமானிக்குத் தனி சிம், தனி பேட்டரி. அது ஒழுங்கா 'சூடாகுது, சூடாகுது'ன்னு அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. 'தொடர்பு இல்லை'ங்கிறதை மட்டும் மடின்னு நான் எழுதியிருக்கணும். அந்த மாடியிலேர்ந்து எது வந்தாலும் மடின்னு எழுதிட்டேன். அதையும் சேர்த்து உள்ள தள்ளிடுச்சு.

— அந்தக் குழந்தை மூச்சுக்குத் திணறினப்போ நாந்தான் ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கையை உள்ள விட்டதுமே தெரிஞ்சு போச்சு. குளிர் இல்ல. மருந்துக் குப்பியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். டாக்டர் சீக்கிரம் கொண்டு வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். மருந்து கெட்டுப் போச்சு, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கன்னு கத்தினேன்.

— நீ போன் பண்ணினதுக்கப்புறம்தான் நான் அந்த மடிப்பைத் திறந்து பார்த்தேன். உள்ள வரிசையாக் கிடந்துச்சு, உங்க பெட்டி பேரோட.

— யார்கிட்ட சொன்ன?

— மேனேஜர்கிட்ட. கதவைச் சாத்திட்டு மெதுவாப் பேசினார். மென்பொருள் வித்த கம்பெனி தலையில போட்டுரலாம்னார். அவங்க ஆள், ஒரு பொண்ணு, ஆரம்பத்துலேர்ந்து என்கூட உட்கார்ந்து வேலை செஞ்சா. அவளைக் கைகாட்டினாப் போதுமாம், மத்ததை அவர் பார்த்துப்பாராம். நல்ல மனுஷன்தான். எனக்கு உதவி பண்றதா நினைக்கிறார்.

— நீ என்ன சொன்ன?

— யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வெளியே வந்துட்டேன். அப்பலேர்ந்து இப்படியே ஏறி இறங்கிட்டிருக்கேன். வேலை போனாப் போகுது, இனிமே என்னை எவன் நம்புவான்? ஆனா அந்தப் பொண்ணு என்ன பண்ணினா சொல்லு. மொத்த மாடியையும் சேர்த்து மடிச்சா சரியா வருமான்னு சந்தேகம் கேட்டவளே அவதான். நேரமில்லைன்னு நாந்தான் தட்டிவிட்டேன்.

— வார்டைப் பத்தி மேனேஜர் ஏதாவது கேட்டாரா?

— உங்களை எதுக்குக் கேக்கப் போறார்? நாங்க போன் பண்ணிச் சொன்னாத்தானே உங்களுக்குத் தெரியும். ஏன்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியா?

— என்னை விடு. உள்ள போய் என்ன சொல்லப் போற?

— உள்ளதைச் சொல்லிடறேன். எழுதினது நான், அவசரப்பட்டதும் நான்னு. அப்புறம் அந்தக் குழந்தையோட அம்மா முன்னாடியும் போய் நிக்கணும். அதுதான் பயமா இருக்கு. ஆனா அந்தப் பொண்ணைக் கைகாட்டிட்டு வீட்டுக்கு வந்தா, உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?

— என் மூஞ்சியிலயா?

— பின்னே? வேலையில உன்னை ஒருத்தர் ஒரு சொல் சொன்னது கிடையாது. அம்மா இன்னும் உன்னைக் காட்டித்தானே என்னைத் திட்டுறா.

— போதும்டி. வா, நேரமாச்சு. நானும் உன்கூட உள்ள வரேன்.

— நீ எதுக்கு? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் என்ன பள்ளிக்கூடத்துக்கா போறேன்? நீ வார்டுக்குப் போ. அங்க ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் உங்க யார் காதுலயாவது விழுந்திருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது. எல்லாத்தையும் நான் அடக்கி வெச்சுட்டேன்.

— விழுந்துச்சு குட்டி. பெட்டியிலயே பேட்டரியில அடிக்கிற மணி ஒண்ணு இருக்கு, காலையில நல்லாவே அடிச்சுது. அழுது அழுது அப்பதான் கண்ணசந்த குழந்தைங்க எழுந்துரும்னு, என்ன ஏதுன்னு பார்க்காம நாந்தான் அதை அமுக்கி நிறுத்திட்டுப் போனேன்.