கீழே ஓர் அறை

ஆம்பூர் தார்ப்பாய்க் கடையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் வயதான தம்பதி. ஏலகிரி மலையில் போய்த் தங்க, ஜீப் கூரையில் விரிக்கும் கூடாரத்துக்கு அடியில், தரைவரை தொங்கும் அறை ஒன்று தைக்கச் சொன்னார் கணவர்.

"இன்னாத்துக்கு சார் ரூமு? மேலதான் படுக்கை இருக்கே," என்றார் தையல்காரர்.

"இவங்களுக்கு முட்டி வலி பாய், ஏணி ஏற முடியாது. நான் மேல, இவங்க கீழ."

மனைவி சிரித்தார். "அதுக்கு எதுக்குங்க ஏலகிரி வரைக்கும்? வீட்லயே நீங்க மாடி, நான் கீழதான?"

கணவர் தையல்காரர் பக்கம் திரும்பினார்.

"பாய், ரெண்டு பேர் படுக்கிற மாதிரி பெருசா தைங்க."

"குறட்டை விட்டா மேல ஏத்திடுவேன்," என்றார் மனைவி.

என் மனைவி இருந்தவரை நானும் மாடியில்தான் படுத்தேன். அவள் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாக இறங்கி வந்ததும் இல்லை.