சட்டை மின்னுதா?

அக்கா: லைட்ட எதுக்குடி அணைச்ச?

தங்கை: இருட்டுலதான பாக்கணும். புதுச் சட்டை, இன்னிக்குத்தான் குடுத்தாங்க. ராத்திரி ரோட்டுல நான் வெள்ளைக் கோடு போடறப்ப இது மின்னலேன்னா, என் மேலயே கோடு போட்டுட்டுப் போயிருவாங்க.

அக்கா: வண்டி ஓட்டறவங்களக் குறை சொல்லாத. எதிர்ல ஒருத்தி நிக்கறேன்.

தங்கை: அதனாலதான் உங்கிட்ட கேக்கறேன். இப்ப அந்த வழியாத்தான வேன எடுத்துட்டு வர்ற?

அக்கா: ஆமா, கம்பெனி ஆளுங்கள ஏத்தணும். சீக்கிரம் போட்டுட்டு வந்து நில்லு.

தங்கை: இரு... வீட்டு நடையில அந்தக் கோடிக்குப் போயிடறேன். ம், டார்ச்ச அடி.

அக்கா: அடிச்சாச்சு.

தங்கை: இடுப்புல வச்சு அடிச்சா எப்படி? கண்ணுகிட்ட வை. எங்கேர்ந்து வெளிச்சம் வருதோ அங்கயேதான் சட்டையில இருக்கற இந்தப் பட்டை திருப்பி அனுப்பும்.

அக்கா: யாருக்குடி பாடம்? நீ பாவாடை கட்டறதுக்கு முன்னாடியே நான் ஸ்டீரிங் புடிச்சவ.

தங்கை: சரிங்க மேடம். இப்ப மின்னுதா?

அக்கா: ம்...

தங்கை: என்ன ம்?

அக்கா: மின்னுது, பளிச்சுனு.

தங்கை: எத்தனை பட்டை?

அக்கா: நெஞ்சுல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு.

தங்கை: நல்லாப் பாத்துச் சொல்லு.

அக்கா: எனக்குப் பூனைக் கண்ணுடி.

தங்கை: அந்தப் பூனைதான் நேத்து படியில தடுக்கி விழுந்துச்சு.

அக்கா: செருப்பு வாரு அறுந்து...

தங்கை: வேன் கேட்டுல உரசினதுக்கு?

அக்கா: கேட்டு குறுகல். சட்டையப் பாக்கச் சொன்னியா, வக்கீல் வேலை பாக்கறியா?

தங்கை: டார்ச்ச எறக்காத. கிட்ட வர்றேன். இப்ப எப்படி இருக்கு?

அக்கா: இன்னும் ஜோரா இருக்கு. நகைக்கடையே நடந்து வர்ற மாதிரி. போதுமா? நேரமாச்சு, கெளம்பணும்.

தங்கை: அக்கா...

அக்கா: சொல்லித் தொலை.

தங்கை: சட்டைய நான் போடவே இல்ல. உன் முதுகுக்குப் பின்னாடி கதவுல தொங்குது.

அக்கா: எங்க... ஆமா, கையில தட்டுப்படுது.

தங்கை: அக்கா? கோவமா?

அக்கா: முதலாளிக்குப் போன் போடு, இந்த டிரிப்புக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு.

தங்கை: என்னன்னு சொல்ல?

அக்கா: உள்ளதச் சொல்லு. கொஞ்ச நாளாவே பொழுது சாஞ்சா எனக்கு ரோடு கரைஞ்சு போகுதுடி... இந்தா சாவி. விடிஞ்சதும் வாங்கிக்கறேன். பகல்ல என்னைய அடிச்சுக்க ஆள் கெடையாது.