தண்டா கஞ்சி

"அத்தனையும் வெந்து செத்துப் போயிருக்கும்" என்று பக்கத்தில் நின்ற பெண் தமிழில் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெல்லி லோதி ரோட்டில் கணவரோடு பஸ் ஏறியவள். போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

"பாக்டீரியாதானே" என்றார் கணவர். குரலில் தைரியம் இல்லை.

"அதை நம்பித்தானே என் தம்பி யூரியா வாங்கல? மூணு ஏக்கர் உளுந்து. வேர்ல குடியிருந்து காத்துலேர்ந்து சத்து எடுத்துக் குடுக்கும்னு நீங்கதானே பாக்கெட் அனுப்பினீங்க."

"விதையில எப்படிக் கலக்கணும்னும் சொன்னேன். தண்டா கஞ்சியிலன்னு தெளிவாத்தான் சொன்னேன்."

"ஊர்ல யாருக்குங்க இந்தியில தண்டான்னா தெரியும்? ஆறின கஞ்சின்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலை. அவன் அண்டா கஞ்சின்னு நினைச்சு, அண்டா நிறையக் காய்ச்சி, கொதிக்கறப்பவே பாக்கெட்டைக் கொட்டியிருக்கான். ஆறினப்புறம் விதையைப் புரட்டியிருக்கான். இன்னிக்குத்தான் சொல்றான்."

"அச்சா, பதறாதே. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாக்கச் சொல்லு. முடிச்சு முடிச்சா இருந்தா அதுங்க பிழைச்சிருக்கு."

"சொல்லிட்டேன். இல்லேன்னா? விதைச்சு மூணு வாரம் ஆச்சுங்க."

அவள் போன் சிணுங்கியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீயே பாரு."

அவள் தம்பி அனுப்பியதைப் படித்தாள்.

"ஒரு முடிச்சுகூட இல்லையாம். வேர் வழவழன்னு சுத்தமா இருக்காம். நல்லதுதானே அக்கான்னு கேக்கறான்."