கமராவுக்கு முன் நிமிர்ந்து நின்ற கோல் காப்பாளர்

அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சையும் சேர்த்துத் தாங்கப்போகும் பாடசாலை அதிபர் மீராமுகைதீன் அவர்களே! விசில் ஊதியே எங்கள் வம்புகளை அடக்கிய நடுவர் கனகரெத்தினம் ஐயா அவர்களே! கல்முனையின் கண்ணியம் காக்கும் பெரியோர்களே! கோமாரியிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாமார்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட உம்மாமார்களே! மைதானத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன உங்கள் அறிவிப்பாளன் மசூரின் ஸலாமும் வணக்கமும்!

இன்று திறக்கப்போவது நம் ஜெமீலின் விளையாட்டுப் படக் கண்காட்சி. கொழும்பில் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். தேசிய வீரன் ஒருவனாவது கமராவைப் பார்க்கிறானா? இல்லை! பாடசாலைப் போட்டிப் படங்களைப் பாருங்கள். ஓடுகிற பிள்ளை ஒன்றாவது கமராவைப் பார்க்காமல் ஓடுகிறதா? அதுவும் இல்லை! இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நாங்கள், ஊர்க் கழகக்காரர்கள். எங்களுக்கு ஒரு கண் பந்தில், ஒரு கண் படத்தில்!

சிரியுங்கள், சிரியுங்கள். அந்த ஒரு கண்ணால் பெரிய சண்டை வரப் பார்த்தது.

யுத்தம் ஓய்ந்த பிறகு கோமாரிக் கழகமும் எங்கள் கழகமும் மோதிய முதல் உதைபந்தாட்டம் அது. ஒழுங்காக முடிந்தால் ஊருக்கு ஊர் போக்குவரத்து வரும். குழம்பினால் பழைய பகைதான். எல்லோர் நெஞ்சிலும் அந்தப் பயம் இருந்தது.

கோமாரியின் கோல் காப்பாளர் துலக்சன். சுனாமியில் கடல் வந்த அன்று அவன் வீடும் போனது, வீட்டிலிருந்த படங்களும் போயின. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஜெமீல் கமராவைத் தூக்கினார். எங்கள் பகுதியில் படம் என்றால் என்ன? விறைப்பாக நின்று எடுக்கும் கல்யாண வீட்டுப் படம்! துலக்சன் திரும்பினான். காலைச் சேர்த்தான், கையைத் தொங்கவிட்டான், மூச்சைப் பிடித்தான். பந்து வலைக்குள்ளே!

“படம் புடிக்கிறன் எண்டு ஏமாத்திக் கோல் அடிச்சிட்டானுகள்!” என்றது கோமாரிப் பக்கம். “ஆர்ரா ஏமாத்தின?” என்றது எங்கள் பக்கம். உட்கார்ந்திருந்த கதிரைகள் தலைக்கு மேலே எழுந்தன. ஒலிவாங்கியில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

நடுவர் சொன்னார்: “படத்துக்கு நிண்டா கோல் இல்லையெண்டு எந்தச் சட்டத்திலயும் இல்ல. கோல் கோல்தான்!” ஐயா இப்போது சிரிக்கிறார். அன்று அவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

எங்கள் அணித்தலைவன் றாஸிக் எல்லோரையும் கூப்பிட்டான். “ஆளுக்கொரு இடத்துல நில்லுங்க. காலை அசைக்காதீங்க.”

“ஒங்களுக்கு விசரா காக்கா?” அண்ணனுக்குப் பைத்தியமா என்று கேட்டான் அணியின் இளையவன் ஒருவன்.

“இப்பிடி வெண்டுட்டு நாளைக்கு அந்த ஊருக்கு எந்த முகத்தோட போற?”

கோமாரியின் பிரகாஸ் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். மறித்தார்களா? இல்லை! பறித்தார்களா? இல்லை! கல்முனைக் கால் ஒன்றாவது அசைந்ததா? இல்லவே இல்லை! ஒன்றுக்கு ஒன்று! தூக்கிய கதிரைகளைக் கீழே வைத்து, அதிலேயே இருந்து கைதட்டினார்கள், இரண்டு ஊரும்!

அதன் பிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது. கடைசியில் றாஸிக் அடித்த அடியைத் துலக்சன் பாய்ந்து தடுத்தான். வாயெல்லாம் மணல், முகமெல்லாம் கோணல். அதையும் ஜெமீல் எடுத்தார். ஆட்டம் சமநிலை.

மறுவாரம் ஜெமீல் இரண்டு படங்களோடு கோமாரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். நிமிர்ந்து நிற்கும் படத்தைத்தான் துலக்சனின் தாய் வல்லியம்மை கையில் முதலில் கொடுத்தார். அக்கா அதைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“செத்த ஆக்கள்ர படமெல்லாம் இப்பிடித்தான் நேரா நிக்கும் மகன். இது வேணாம். மத்ததத் தாங்க. அதில எண்ட புள்ள உசிரோட பாயிறான்.”

சபையோரே, ஜெமீல் மற்றப் படத்தை நீட்டினார். அதைத்தான் அக்கா வாங்கிக்கொண்டார்!

வல்லியம்மை அக்கா, மேடைக்கு வாருங்கள். நீங்கள் கேட்ட அந்தப் படம்தான் மண்டபத்தின் நடுவில் இருக்கிறது. திரையை உங்கள் கையே விலக்கட்டும்! பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஸலாம் சொல்லி, வணக்கம் சொல்லி, வழிவிட்டு அமர்கிறேன்!