பன்னிரண்டு ரசிகர்கள்

அன்று மதியச் சாப்பாட்டின்போது வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அக்கா, நான். அக்காவின் போனில் பன்னிரண்டு ரசிகர்கள். அந்தப் பன்னிரண்டு பேரிடமும் பேச வேண்டும் என்று கேட்டீர்கள், டாக்டர். அலைய வேண்டாம். பன்னிரண்டு பேரும் நான்தான்.

நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினேன். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கவுன்டருக்கு வருகிறவர்களைப் போல நடித்து வீடியோ போடுவாள். "சின்னத் தலைவலிதான்மா. மாத்திரையும் சின்னதா பார்த்துக் குடு." நன்றாகவே செய்வாள். ஆனால் முதல் வீடியோவுக்கு மூன்று லைக். அதில் ஒன்று அவளே போட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை.

நான் கால்சென்டரில் இரவு வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். ஒரே பிற்பகலில் போலிக் கணக்குகளாகப் பன்னிரண்டு பேரை உண்டாக்கினேன். கடலோடி, குட்டிமேகம், ரிட்டயர்டு வாத்தியார், இப்படி. வாத்தியார்தான் அவளுக்குச் செல்லம். "இன்னிக்கும் சிரிக்க வச்சுட்டியேம்மா" என்று எழுதுவார். அக்கா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். அவள் முகம் தெளிந்தது.

அந்த மதியம் புது வீடியோவை ஓடவிட்டாள். "எங்க வீட்ல ஒரு ஆந்தை இருக்கு. முன்னாடி ராத்திரி பூரா முழிச்சிருக்கும். வேலையை விட்டதுக்கப்புறம் சாப்பாட்டுக்கு மட்டும்தான் முழிக்குது."

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "கோச்சுக்காதடா ஆந்தை" என்று அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். நானும் சிரித்தேன். முன்பின் தெரியாத நானூறு பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். மறுநாளே அவர்கள் வேறு யாரையோ பார்த்துச் சிரிக்கப் போய்விட்டார்கள். அவளுக்கு மிஞ்சியது என் பன்னிரண்டு பேர்தான்.

கால்சென்டரில் நான் கற்றது ஒன்றே ஒன்று. கத்துகிறவரிடம் பதில் பேசக் கூடாது. நாற்பது நொடி மௌனமாக இருந்தால் போதும். தப்பு தன்மேல்தானோ என்று அவரே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

பன்னிரண்டு பேரையும் மௌனமாக்கினேன். வேறெதுவும் செய்யவில்லை. ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தால் காட்டுங்கள்.

நான்காம் நாள் மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டாள். "போர் அடிச்சிருந்தா சாரி. வாத்தியாரய்யா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

வாத்தியாரை ஓர் இதயம் மட்டும் போட வைத்தேன். அன்று வயிறாரச் சாப்பிட்டாள். மறுபடி நிறுத்தினேன். குழாயைத் திருகுவதுபோல அவ்வளவு சுலபம். ஒரு மாதம் திருகினேன்.

"டேய், நான் நல்லா பண்ணலையாடா?"

"ஆந்தைக்கு இதெல்லாம் என்னக்கா தெரியும்?"

தலை வாருவதை நிறுத்தினாள். கவுன்டரில் மருந்து மாற்றிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று முதலாளி சொல்லிவிட்டார். கடைசி நாள் கடையிலிருந்து கைப்பையில் அவள் எதைக் கொண்டுவந்தாள் என்று நான் பார்க்கவில்லை என அம்மாவிடம் சொன்னேன். பார்த்தேன். வாத்தியார் அப்போது ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதட்டுமா என்று யோசித்தேன். ஆந்தை ஞாபகம் வந்தது. படுத்துத் தூங்கிவிட்டேன். அம்மாதான் கதவை இடித்துத் திறந்து அவளைக் காப்பாற்றினாள்.

குணமாவதற்கு உதவும் என்றால், நாளை முதல் பன்னிரண்டு பேரும் நலம் விசாரிப்பார்கள். எத்தனை நாளைக்கு என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

நேற்று வார்டுக்குள் போகுமுன் அக்கா போனை என்னிடம் கொடுத்தாள். உள்ளே அதற்கு அனுமதி இல்லையாம்.

"வாத்தியாரு ஏதாவது கேட்டிருந்தாராடா?"

"யாரும் ஒண்ணும் கேக்கலக்கா."

அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, டாக்டர். அவள் தலையாட்டினாள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்திப் பூட்டினார்.