ஈரமில்லாத தலை

ரயிலில் சத்தமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. லண்டனில், ஹரோவில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களும் அப்படித்தான் பேசினார்கள். இளையவள் ஸ்மித்ஃபீல்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய இடங்களைச் சுற்றிக் காட்டுபவளாம்.

“ஆத்தில செத்துப்போனார் எண்டு சனம் அழுத ஆளைத்தான் அக்கா, பிறகு உயிரோட எரிச்சவங்கள்.”

“ஆரை?”

“கத்தோலிக்க சபையை எதிர்த்த ஒரு லூதரன் போதகரை. ஐந்நூறு வருசத்துக்கு முந்தி அவரைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்க, உடுப்பை ஆத்தங்கரையில வச்சிட்டு வெளிநாட்டுக்கு ஓடிட்டார். இஞ்ச எல்லாரும் தண்ணிக்குள்ள தேடினவை. கன வருசத்துக்குப் பிறகு, திரும்பி வந்தவரை நான் வேலை செய்யிற இடத்திலதான் கட்டி எரிச்சவங்கள். நெருப்பு வைக்க முந்தி, தன்னை ஏன் கொல்லுறாங்கள் எண்டு ஆருக்காவது தெரியுமோ எண்டு கேட்டவராம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லையாம்.”

மூத்தவளின் குரல் தாழ்ந்தது.

“எங்கட தம்பியின்ர சேட்டும் செருப்பும் கடற்கரையிலதான் கிடந்தது. கடலில செத்துப்போனவன் எண்டு அந்தியேட்டிச் சடங்கு செய்து, ஒவ்வொரு திவசத்துக்கும் எள்ளும் தண்ணியும் இறைக்கிறம்.”

“ஓம் அக்கா, தெரியும்.”

“கனவில வரேக்க அவன்ர தலை ஒரு நாளும் ஈரமில்லை. கிட்ட வந்தால் புகை மணக்கும்.”

ஸ்மித்ஃபீல்டுக்கு இறங்க வேண்டிய ஃபாரிங்டன் வந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

“அவனும் கனவில அந்தப் போதகர் கேட்டதைத்தான் கேக்கிறவன்,” என்றாள் மூத்தவள். “நானும் வாய் திறக்கிறேல்லை.”