மூன்று நாட்டு இடம்

சூரிச் ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளம்பெண், மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள்:

"அக்கா, நாடு எண்ட இடத்திலை மூண்டு நாட்டை எழுதலாமோ?"

"மூண்டோ? உம்மட மனுசன் எங்கை போறார்?"

"தென்துருவப் பக்கம், அண்டார்டிக்காவுக்கு. ஆராய்ச்சிக்காரருக்குச் சமைக்க, ஆறு மாதம். நகரசபைக் கெமைண்ட ஒஃபீசிலை எந்த நாடெண்டு கேக்கினம். அந்த இடத்தைப் பிரிட்டன் தன்ர எண்டுது, ஆர்ஜென்டீனா தன்ர எண்டுது, சிலியும் தன்ர எண்டுது."

"சண்டைக்குள்ளையோ சமைக்கப் போறார்?"

"சண்டை இல்லையாம் அக்கா."

"அப்ப ஆமி எங்கை நிக்குது?"

"ஆமி நிக்கக் கூடாதெண்டு எல்லாருமாக் கையெழுத்து வைச்சிருக்கினம். அம்பது வருசத்துக்கு மேலையாம்."



"எங்கட நாட்டிலை கிழிச்ச மாதிரி, அந்த ஒப்பந்தத்தை இவ்வளவு காலமும் ஒருத்தரும் கிழிக்கேல்லையோ?"

"இல்லையாம்."

"மூண்டு பேரும் தங்கட எண்டு சொல்லிக்கொண்டும்?"

"ஓம் அக்கா."

அக்கா படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவள் மடியிலேயே வைத்தார்.

"அப்ப அது நாடே இல்லைப் பிள்ளை. அந்த இடத்தை வெறுமையா விடும்."